அது இருக்கட்டும்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். வீட்டைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"வீட்டு வேலை முடியட்டும்ண்ணா, வந்து ஒரு மாசம் உங்களோட இருக்கேன்" என்று நீ சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. முடிவதற்கு முதலில் ஆரம்பிக்க வேண்டுமே! எல்லாம் பழைய வீட்டைப் புதுப்பிக்க நான் பிடித்த அந்த ஆர்க்கிடெக்டால் வந்த வினை. எப்போது கேட்டாலும் "ரெண்டே நாள்ல பிளான் கையில இருக்கும் சார்" என்கிறான். அவனுடைய ரெண்டு நாளுக்குள் பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பி, ஆள் குடிவந்து, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

முதல் நாள் டேப்பும் நோட்டுமாக வந்தான். "ஹால் லைட்டுக்கு சுவிட்ச் சமையல்கட்டுல இருக்கே, மாத்திடலாமா சார்?" என்றான். அப்பா தன் கையால் பிளான் போட்ட வீடு, அப்படித்தான் இருக்கும் என்றேன். நாம் படிக்கிற சாக்கில் அடித்துக்கொண்டால் அம்மா அங்கிருந்தே பட்டென்று விளக்கை அணைப்பாளே, அந்த இருட்டில் நீ என் காதைக் கடித்தாயே, அதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அது இருக்கட்டும் தம்பி, பிளான் எப்ப தருவீங்க?" என்றேன். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான்.

அடுத்த தடவை மாடிப்படி. கடைசிப் படி மட்டும் ஏன் இவ்வளவு உயரம், குறைச்சிடலாமா என்று கேட்டான். கொத்தனாருக்கு அளவு தப்பிப்போச்சு, என்ன செய்ய? வந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் அதில் தடுக்கினார்கள். மாப்பிள்ளை முதல் முறை வந்தபோது தடுக்காமல் ஏறினதைப் பார்த்துத்தானே அப்பா "இவரே போதும்"னு முடிவு பண்ணார்! "அது இருக்கட்டும், வேலை எப்ப தம்பி?" என்றேன். மறுபடி நோட்டு. அப்புறம் உன் அறை, அலமாரியை நகர்த்திடலாமா என்றான். அலமாரிக் கதவைத் திறந்தால் அறைக் கதவைத் திறக்க முடியாது. நான் கேலி பண்ணினால் நீ அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அழுவாய், நான் வெளியே நின்று கெஞ்சுவேன். இதையும் அவனிடம் சொல்லிவிட்டு, "அது இருக்கட்டும் தம்பி" என்றேன். இப்போ அந்த ரூம் கதவு தாராளமாத் திறக்குது, உள்ளேதான் யாரும் இல்ல. வீடு இவ்வளவு அமைதியா இருக்கறது எனக்குப் பிடிக்கலை தங்கச்சி.

ஆகவே நீயே அவனுக்கு ஒரு போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளு. நான் வாயைத் திறந்தா அவன் நோட்டைத் திறந்துடறான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

பொறுமை தீர்ந்துபோன,
உன் அண்ணன்

பி.கு.: போன் போட்டுவிடாதே! உறையை ஒட்டும் நேரத்தில் பிளான் வந்துவிட்டது. பிரித்தால் சுவிட்ச் சமையலறையில், கடைசிப் படி உயரமாக, உன் அலமாரி அதே இடத்தில். "என்னப்பா, பழைய வீட்டையே வரைஞ்சு அனுப்பியிருக்கே?" என்று போனில் கத்தினேன். "நான் ஒவ்வொண்ணா மாத்தலாமான்னு கேட்டேன் சார். நீங்கதான் கதை சொல்லிட்டு அது இருக்கட்டும், அது இருக்கட்டும்னீங்க. மிச்சம் எதை மாத்தறதுன்னு தேடித்தான் சார் இவ்வளவு நாள் ஆச்சு" என்கிறான். பேச்சை மாற்றுவதற்காக நான் சொன்னதைப் புண்ணியவான் உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறான். உன் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் பிளானில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆக, வீட்டு வேலை முடிந்தது. கிளம்பி வா.