தனிப்பட்ட முறையில் ஒரு சல்யூட்

முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தைக் கண்ணாலேயே மூன்று வரிசையாகப் பிரித்துக்கொண்டிருப்பவர், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னால் குதிகால்களை ஒட்டவைத்துக்கொண்டு திறப்பவர், பேரன் கட்டிக்கொள்ள ஓடிவந்தால் முதலில் அவன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்ப்பவர். அவரேதான். படை அவரை வீட்டுக்கு அனுப்பி முப்பது வருடம் ஆகிறது. அந்தச் செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சங்கம் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள்; சொல்லிவிடுவார். ஓய்வூதியம் நின்றுபோன ஒரு விதவைக்காக அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றாம் நாளே பணத்தை வரவழைத்தவர் அவர். ஆஸ்பத்திரியில் கிடந்த உறுப்பினரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போய், படுக்கை விரிப்பு சுருங்கியிருப்பதற்கு நர்சிடம் விளக்கம் கேட்டவரும் அவர்தான். மாதக் கூட்டம், போரில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலியோடு தொடங்கும். அதன்பின் அந்த மௌனம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எந்தக் குன்றில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று ஆரம்பிக்கும் தகராறு, தேநீருக்குச் சர்க்கரை போதாது என்பது வரை வளர்ந்து, யாராவது ஒருவர் ராஜினாமா செய்ததும் தேசிய கீதத்தோடு முடியும். ராஜினாமா செய்தவர் அடுத்த மாதம் முதல் ஆளாக வந்து நாற்காலிகளைத் துடைப்பார். அது மரபு.

ஒரே ஒருவர்தான் மரபை மீறினார். ராஜினாமா செய்தவர், திரும்பி வரவேயில்லை.

காரணம் ஒரு புகைப்படம். ஆண்டு விழாப் படத்துக்கு நடு நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்துவிட்டார். அவர் படையில் கார்ப்பரல். ஓரத்து நாற்காலி கிடைத்தவரோ சார்ஜன்ட்; ஒரு படி மேலே. "கார்ப்பரல் நடுவுல, சார்ஜன்ட் ஓரத்துலயா? எந்தப் படைலய்யா இந்த வழக்கம்?" என்று அவர் எழுந்த நொடியில் கேமரா சொடுக்கியது. அந்தப் படம் இன்றும் சங்கச் சுவரில் தொங்குகிறது. எல்லோருக்கும் முகம் இருக்கிறது. சார்ஜன்ட்டுக்குக் கலங்கலாக ஒரு முழங்கை.

அந்த முழங்கைக்காரர் ஒரு மத்தியானம் செத்துப்போனார்.

அவருடைய மகள் குடிநீர்ப் பம்பு நிலையத்தில் பொறியாளர். எது நின்றாலும் ஏன் நின்றது என்று கண்டுபிடித்துவிடுவாள். அப்பாவின் இதயம் நின்ற காரணமும் அவளுக்குத் தெரியும். உதிரிபாகம்தான் கிடைக்கவில்லை. அழுவதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. கடைசி நாட்களில், ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அப்பா சொல்லியிருந்தார்: "அந்தக் கழுதைங்க வந்து வரிசையா நின்னு எனக்கு ஒரு சல்யூட் அடிக்கணும். அடிக்கலேன்னா நான் வண்டியில ஏற மாட்டேன்."

அன்று மாலையே சங்கத்துக்குப் போனாள். செய்தியைக் கேட்டதும் செயலாளர் அழுதார். நிஜமாகவே அழுதார். கைக்குட்டையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு விறைத்தார்.

"தனிப்பட்ட முறையில, பாப்பா, உங்கப்பா எனக்கு அண்ணன் மாதிரி. ஆனா செயலாளர்ங்கற முறையில... அவர் இப்ப உறுப்பினர் இல்லியேம்மா. இறுதி மரியாதை உறுப்பினரா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான். விதி அப்படி."

"ராஜினாமாவை வாபஸ் வாங்கிட்டாருன்னு வச்சுக்குங்க, மாமா."

"அதை அவர்தான் நேர்ல வந்து சொல்லணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காதுமடல் சிவந்தது. ஆனால் விதி விதிதானே?

"என்னய்யா ஆச்சு?" என்று கேட்டார் பழைய வயர்லெஸ்காரர். எதிரியின் கிசுகிசுப்பைக்கூடப் பிடித்த காது. இப்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் இன்னொரு தடவை விழ வேண்டும்.

"சார்ஜன்ட் போயிட்டாருய்யா!" என்று கத்தினார் பொருளாளர்.

"தெரியும்யா, அப்பவே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரே. மறுபடியுமா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் காலைல தனிப்பட்ட முறையில வருவேன், பாப்பா. செயலாளரா வர முடியாது."

"ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்லதானே மாமா வருவீங்க?"

அவள் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் தனிப்பட்ட முறையில். கொடி இல்லை. பதக்கங்கள் சட்டைப்பைக்குள் குலுங்கின. ஏதோ அந்தத் தெருவழியாகப் போனவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்; ஒருவர் மின்கம்பத்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் அடுத்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஆராய்ந்தார். சொந்தக்காரர்கள் சவப்பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார்கள். மகள் திரும்பிப் பார்த்தபோது, ஏழு பேரும் உயரவாரியாக ஒரே கோட்டில் நின்றிருந்தார்கள். எப்போது நின்றார்கள், பதக்கங்கள் எப்போது நெஞ்சுக்கு ஏறின? அவர்களுக்கே தெரியாது.

வண்டி உறுமியது. வரிசை அசையவில்லை.

உத்தரவு வேண்டுமே! இருப்பவர்களில் மூத்தவர்தான் உத்தரவிட வேண்டும். செயலாளர் இடமும் வலமும் பார்த்தார். எல்லாம் கார்ப்பரலும் அதற்குக் கீழும். இருப்பவர்களில் மூத்தவர் சார்ஜன்ட். சார்ஜன்ட் வண்டிக்குள் படுத்திருந்தார். ஆகவே, அவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள்.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "பெரியவரே, கிளம்பலாமா? இன்னொரு எடத்துக்கும் போகணும்."

"நீ குடுய்யா உத்தரவை," என்று பொருளாளர் பல்லைக் கடித்தார். "செயலாளர்தானே நீ!"

"அவரு இருக்கும்போது நான் எப்படிய்யா குடுக்கறது?" என்றார் செயலாளர். "ஒரு தடவை நடுவுல உக்காந்தது போதாதா?"

வண்டி நகரத் தொடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"அணி... கவனம்! சல்யூட்!"

மகள்தான். பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அப்பா வாசலில் நின்று போட்ட சத்தம்; அவளும் கையை உயர்த்திவிட்டுப் பேருந்துக்கு ஓடுவாள். அது தன் தொண்டையிலும் இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. ஏழு கைகள் ஒரே வீச்சில் எழுந்தன. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

கைகள் இறங்கவில்லை.

இறக்கவும் உத்தரவு வேண்டும். அது என்ன வார்த்தை? அவளுக்குத் தெரியாது. அப்பா அதைச் சொல்வதற்குள் தினமும் ஓடியிருக்கிறாள். வயர்லெஸ்காரர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். தெருநாய் ஒன்று வந்து அணியைப் பார்வையிட்டுவிட்டுப் போனது.

"பாப்பா," என்றார் செயலாளர், உதடு அசையாமல். "கை வலிக்குதும்மா. போதும்னாவது சொல்லேன்."

அவள் காதில் விழுந்தது. சொல்வாள். ஆனால் அந்தக் கைகள் மேலே இருக்கும்வரை அப்பா இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. கொஞ்சம் பொறுக்கட்டும்.

இந்த இனம் சங்கக் கட்டடங்களில் மட்டுமே வசிக்கிறது என்று நினைத்துத்தானே இவ்வளவு நேரம் சிரித்தீர்கள்? நல்லது. படுக்கப் போகும் முன் கேஸை இரண்டாம் தடவை மூடிப் பார்க்கிறீர்களே, யார் சொல்லி? காற்று வராவிட்டாலும் அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறப்பதில்லையே, அது யாருக்குப் பிடிக்காது? அவர் போய் எவ்வளவு காலம் ஆகிறது?

உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். இன்னும் மேலேதான் இருக்கிறது.