காருக்குள் ஒரு எலி

"இருபது ஆம்பியர் ஃபியூஸ் போனா எண்பது போட வேண்டியதுதானே!" என்றார் சத்தியநேசன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவர் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் மச்சான் கட்டிய புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பாட்டோடு போய் இறங்க வேண்டும் என்று ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி, வீடியோ பார்த்து, தானே காரில் மாட்டியிருந்தார்.

எண்பது போட்டதும் பாட்டு அதிர்ந்தது. பத்து நிமிடத்தில் மனைவி ஜூடி மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, ரப்பர் கருகுற வாடை வருது."

"புதுசுல்லா? அப்படித்தான் வரும்."

"வயரைத் தொட்டா சுடுதுங்க."

"நீ மருந்துக்கடையில மாத்திரையைப் பாரு. கரண்டை நான் பாத்துக்கிடுதேன்."

ஜூடி போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் காலையில் ஆம்ப்ளிஃபயர் மூச்சே விடவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் வயரை மாற்றினார். பலனில்லை. ஸ்டீரியோவை உருவிப் பார்த்தார், ஹாரன் செத்தது. ஹாரனைச் சரிபார்த்தார், டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. சனிக்கிழமை மழையில் காருக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"ராஜபாளையத்துல வெங்கடேஸ்வரின்னு ஒருத்தவிய கார் வயரிங் நல்லா பாக்காவளாம். போவமா?" என்றாள் ஜூடி.

ஹாரன் இல்லாததால், திறந்த ஜன்னல் வழியாக "ஓரமாப் போங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஜூடியோடு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்.

வெங்கடேஸ்வரி முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினாள். பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே போனாள்.

"இம்புட்டு ஒல்லி வயருக்கு எண்பது ஃபியூஸா? ஃபியூஸுக்கு முன்னாடி வயரு எரிஞ்சிரும் சார். அந்த ஃபியூஸும் டிக்கியில கெடக்கு. பேட்டரியில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும்." இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே தகட்டில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். அங்கே வயர் உரசித் தோலுரிந்து செம்பு பளபளத்தது. "இன்னைக்கு இதுல கரண்டு ஓடியிருந்தா வழியிலேயே காரு பத்தியிருக்கும்."

சத்தியநேசன் காரை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "பொறவு ஏன்ம்மா பத்தலை?"

பானெட்டுக்குள் குனிந்திருந்தவள், "பேட்டரிகிட்டயே வயரு துண்டாயிருக்கு சார்" என்றாள்.

"எலி! எங்க தெருவுல எலி ஜாஸ்தி!"

வெங்கடேஸ்வரி வேலையில் இறங்கினாள். தடித்த வயர், பேட்டரி பக்கத்திலேயே அதற்கேற்ற ஃபியூஸ், ஓட்டைக்கு ரப்பர் வளையம். எர்த் வைக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பைப் பார்த்த பிறகே போல்ட்டை முறுக்கினாள். பாட்டு வருகிற வயரை மறுபக்கமாகக் கொண்டுபோனாள். ஹாரனும் கண்ணாடியும் போகிற போக்கில் உயிர் பெற்றன. கோர்ட்டில் எந்த வக்கீலையும் சத்தியநேசன் இப்படி வாய் பிளந்து பார்த்ததில்லை.

கடைசியில் மைனஸை மாட்டினாள். பாட்டு வந்தது. நெஞ்சு அதிர்ந்தது, ஆனால் வயலின் தனியாக, தெளிவாகக் கேட்டது. இரைச்சல் துளியும் இல்லை.

"அம்மா, உங்க கைக்கு ஒரு கும்பிடு!" என்றார் சத்தியநேசன். "உசிரைக் காப்பாத்துன அந்த எலிக்கும் ஒரு கும்பிடு. இனிமே எங்க வீட்டுல எலிப்பொறியே கெடையாது."

வெங்கடேஸ்வரி அவரை விட்டுவிட்டு ஜூடியைப் பார்த்தாள்.

"யக்கா, நான் போன்ல சொன்ன மாதிரியே மைனஸைக் கழட்டிட்டு வயரை வெட்டி, முனைக்கு டேப்பும் சுத்தியிருக்கிய பாருங்க... எங்க கடையில ஆறு வருசம் வேலை பாத்தவனுக்கும் இம்புட்டு சுத்தம் வராதுக்கா!"