அளவெடுத்த சைக்கிள்

"இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன்!" என்று ஸ்டோர்காரர் அறிவித்தார். அறிவித்தது குளியலறைக் கண்ணாடியிடம். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

சைக்கிள் உதிரிபாகக் கிடங்கில் ஆணி, திருகு, பெடல் என்று எண்ணி எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்ற மனிதர் அவர். கிடங்கை விட்டு வந்தாலும் தெருவில் அவர் ஸ்டோர்காரர்தான். ஓய்வு என்பதெல்லாம் காகிதத்தில். ஞாயிறு வந்தால் ஒட்டடை அடிக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட வேண்டும். போட்ட பிறகு, "முன்னாடி இருந்ததே தேவலை" என்று மனைவி சொல்வாள். மறுபடியும் மாற்றிப் போட வேண்டும்.

மாடி வீட்டுப் பல் டாக்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஞாயிறு விடிந்ததும் பழைய சைக்கிள்காரர்கள் கூட்டத்தோடு ஏரி வரை போய்விட்டு, முகம் நிறையக் காற்று வாங்கிக்கொண்டு வருவார். அந்தக் கூட்டத்தில் புது சைக்கிளைச் சேர்க்க மாட்டார்கள். வண்டிக்கும் வயதாகியிருக்க வேண்டும்.

ஸ்டோர்காரர் முடிவு கட்டினார். ஒரு பழைய பந்தய சைக்கிள் வாங்குவது. தன் கையாலேயே சரி செய்வது. வீட்டுப் பணத்தில் ஒரு காசு தொடுவதில்லை.

தொட முடியாது என்பதுதான் உண்மை. பணம் மனைவியின் கையில் இருந்தது. அந்தக் கை சுலபத்தில் திறக்காது. ஆகவே சாயங்கால டீயை விட்டார். பஸ்ஸை விட்டார். முடிவெட்டுவதைத் தள்ளிப் போட்டார். கடைசியில் தலை நிறைய முடியும் பை நிறையச் சில்லறையுமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

அங்கே உத்தரத்தில் ஒரு சைக்கிள் சட்டம் தொங்கியது. ஒல்லியான குழாய்கள், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். பார்த்தவுடனே மனசைப் பறிகொடுத்துவிட்டார்.

"சக்கரத்தை மாட்டித் தரேன், ஒரு தடவை ஏறிப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் எதிரில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதா? ஸ்டோர்காரர் கூச்ச சுபாவி. போட்டோ எடுத்தாலே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. ஏறுவதற்குப் பதிலாகச் சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தார். குழாயின் குறுக்களவு, பிரேக் கட்டையின் தடிமன், திருகின் நீளம், ஒன்று விடாமல் அளந்தார். கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"எல்லா அளவும் சரியா இருக்கு" என்றார் ஸ்டோர்காரர்.

வீட்டு வாசலில் மனைவி நின்றாள்.

"என்னங்க இது?"

"சைக்கிள்."

"மீதி எங்க?"

"டப்பாவுல."

"இதை உங்க தலையில கட்டினவருக்கு இன்னைக்கு நல்ல தூக்கம் வரும்."

"பந்தய சைக்கிள்டி! அந்தக் காலத்துச் சரக்கு."

"அந்தக் காலத்துச் சரக்கு ஒண்ணு ஏற்கெனவே வீட்டுல இருக்கே. அதுக்கே எண்ணெய் போட்டு மாளலை."

அவள் சட்டத்தை ஒரு முறை சுற்றி வந்தாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி சட்டத்தைப் பார்த்தாள்.

"வீட்டுப் பணத்துல கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்."

"என் பாத்திரத்துலயும்."

அதற்குள் அவர் கயிறு தேடப் போய்விட்டார்.

பால்கனி உத்தரத்தில் கயிறு கட்டிச் சட்டத்தைத் தொங்கவிட்டு வேலையைத் தொடங்கினார். துருவை எடுக்க விற்கிற மருந்து விலை அதிகம். சமையலறை வினிகர் போயிற்று. பிறகு அலுமினியத் தாள். பிறகு மனைவியின் பல்துலக்கும் பிரஷ். பழசு என்று நினைத்துத்தான் எடுத்தார்.

"ஏங்க, பால்ல மண்ணெண்ணெய் வாசனை வருது."

"பால்காரர்கிட்ட சொல்லணும். கலப்படம் ரொம்ப அதிகமாப் போச்சு."

"சொல்லுங்க, சொல்லுங்க. சங்கிலியையும் சேர்த்துக் கலந்துட்டாருன்னு சொல்லுங்க" என்று கரண்டியால் பாத்திரத்திலிருந்து சைக்கிள் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள்.

இடது பெடல் கழலவில்லை. காலையிலிருந்து மதியம் வரை ஸ்பேனரில் தொங்கினார். முகம் சிவந்தது, பெடல் அசையவில்லை.

"எதிர்ப்பக்கமாத் திருப்பிப் பாருங்க" என்றாள் மனைவி, துணி உலர்த்திக்கொண்டே.

"ஆயிரக்கணக்குல பெடல் பார்த்தவன் நான்."

"பார்த்தீங்க. கழட்டினீங்களா?"

அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தார். எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி கழன்றது. கிடங்கு அலமாரியில் இடது பெடலுக்கு ஏன் தனிப் பெட்டி என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

சட்டம் பளபளக்கத் தொடங்கியதும் மனைவியின் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது.

"பச்சை அடிங்களேன். நல்லாயிருக்கும்."

பச்சை அடித்தார்.

"சீட்டை இன்னும் ஒரு விரல் ஏத்துங்க. அப்பத்தான் பார்க்க எடுப்பா இருக்கும்."

ஏற்றினார். ஹேண்டிலுக்குச் சுற்றப் பழைய திரைச்சீலையைக் கிழிப்பதற்குக்கூட அவளே கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாம் சரி, ஒரு தடவை இறக்கி ஏறிப் பாருங்களேன்" என்றாள்.

"வேலை முடியாத வண்டியில ஏறக் கூடாது. அச்சு கோணிடும்."

"நிஜமாவா?"

"கிடங்குல இருந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ."

"கேட்டுக்கிட்டேன். நான் சொல்லலைன்னு மட்டும் அப்புறம் சொல்லாதீங்க."

மிச்சமிருந்தது டயர்தான். பழைய டயர் வெயிலில் காய்ந்த அப்பளமாக நொறுங்கியது. புதிது வாங்க அவரிடம் வழியில்லை. விடுவதற்கு வேறு டீயும் இல்லை. ஸ்டோர்காரர் ஒரு திட்டம் தீட்டினார். கூடத்தில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, சமையலறைக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினார்.

"சொல்லுங்க டாக்டர்! என்னது? டயர் வெடிச்சு விழுந்துட்டாரா? அடடா! மோசமான டயரா? முன்பல் மொத்தமும் போச்சா? ஐயையோ, அவர் மனைவி என்ன பண்றாங்க? 'அன்னைக்கே நல்ல டயர் வாங்கிக் கொடுத்திருக்கலாமே'ன்னு அழுறாங்களா?"

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் பணம்.

"இந்தாங்க. மட்டமா வாங்காதீங்க. நல்ல டயராவே வாங்குங்க."

ஸ்டோர்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"அப்புறம், டாக்டர் இப்பதான் அடுப்படி ஜன்னல் வழியா எங்கிட்ட பேசிட்டு மேல போனார். அவர் கையில போனே இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்குக் காது சுட்டது. ஆனால் பணம் கையில் இருந்தது. பிடிபட்டும் ஜெயித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டார். கட்டில், ஒட்டடை, தொட்டி எல்லாவற்றுக்கும் மனதுக்குள் விடை கொடுத்தார்.

ஞாயிறு விடிந்தது. வாசலில் பல் டாக்டரும் பழைய சைக்கிள்காரர்களும் வந்து நின்றார்கள். ஸ்டோர்காரர் பச்சை சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் "ஆகா" என்றார்கள். "இதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்துப் பேர் பார்க்கக் காலைத் தூக்கிப் போட்டார்.

கால் அந்தப் பக்கம் போனது. தரைக்குத்தான் போகவில்லை.

இரண்டு கட்டைவிரல்களும் பூமியைத் தேடின. சட்டத்தின் குறுக்குக் குழாய் எங்கே இடிக்கக் கூடாதோ அங்கே இடித்தது.

"சீட்டை இறக்குங்க சார்" என்றார் டாக்டர்.

இறக்கினார்கள். அடிமட்டம் வரை இறக்கினார்கள். குறுக்குக் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சட்டமே பெரிசு சார். உங்க கால் நீளத்தை அளக்கலையா?"

ஸ்டோர்காரர் எஃகு ஸ்கேல் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சைக்கிளில் அவர் அளக்காத இடம் எதுவும் இல்லை. அளக்காமல் விட்டது அவரைத்தான்.

அப்போது வாசற்கதவு திறந்தது. கால்சட்டை, கான்வாஸ் ஷூ, இறுக்கிக் கட்டிய கூந்தல். மனைவி.

கல்யாணப் போட்டோவில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து இவரைப் பக்கத்தில் நிற்க வைத்தது மரியாதைக்காக அல்ல. அவள் அவரைவிட நாலு விரல் உயரம்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள். சீட்டைப் பழையபடி ஏற்றி இறுக்கினாள். காலைப் போட்டாள். பாதம் தரையில் அழுத்தமாகப் பதிந்தது. தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை மாதிரி சைக்கிள் அவளுக்குப் பொருந்தியது.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீங்க கேட்டதே இல்லையே."

"பெரிசா இருக்குன்னு எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க தூக்கிட்டு வந்த அன்னைக்கே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஏறிப் பாருங்க, ஏறிப் பாருங்கன்னேன். அச்சு கோணிடும்னீங்க."

"அப்படின்னா டயருக்கு ஏன் பணம் கொடுத்தே?"

"நல்லா இருக்கே! என் சைக்கிளுக்கு நான் கொடுக்காம வேற யார் கொடுப்பா?"

டாக்டர் இருமினார். "அம்மா போன வாரமே பேர் கொடுத்துட்டாங்க சார். நீங்களும் கூட வரீங்கன்னு நினைச்சேன்."

கூட்டம் கிளம்பியது. முன்னால் பச்சை சைக்கிள். சங்கிலி சத்தமே போடவில்லை. தெருமுனையில் அவள் திரும்பியபோது, "கியரைக் குறை!" என்று அவரையும் அறியாமல் கத்தினார். குறைத்தாள். அழகாகத் திரும்பியது.

வாசலில் தனியாக நின்றார். உள்ளே போனார். கட்டிலைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். சரியில்லை. அந்தப் பக்கம் தள்ளினார்.

வெயில் ஏறிய பிறகு மனைவி திரும்பி வந்தாள், முகம் நிறையக் காற்றோடு. கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"எப்படி ஓடுது?"

"பிரமாதம்! ஏரிக்கரையில எல்லாரும் சுத்தி நின்னு பார்த்தாங்க. யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர்தான்னு சொன்னேன்."

ஸ்டோர்காரருக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. "எதுக்கு அதையெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு..."

"வெளியில வந்து பாருங்க."

வந்து பார்த்தார். சுவரோரம் ஏழு பழைய சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. ஒன்றுக்குச் சக்கரமே இல்லை.

"கூட்டத்துக்காரங்க ஆட்டோவுல ஏத்திட்டு வந்து இறக்கினாங்க. எதுக்கும் அவசரமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்றாள் மனைவி, ஷூவைக் கழற்றிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை காலையில அவர் வீட்டுல சும்மாதான் இருப்பார்னு சொல்லியிருக்கேன்."