கார்கசோன் கோட்டையும் அன்ரனெற்றின் மத்தியானச் சாப்பாடும்

அஜக்ஸ், ஒன்ராறியோ
ஒக்ரோபர் 9

பரிசில் வாழும் பெருமதிப்புக்குரிய மைத்துனர் சண்முகலிங்கம் அவர்களுக்கு,

தில்லையம்பலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லா நலனும் கிட்டட்டும். இங்கே நானும் தங்கள் தங்கையும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். உண்மை என்னவென்றால், பிரான்சிலிருந்து திரும்பி மூன்று கிழமையாகப் பாலேஸ்வரி என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணீர் மேசைக்கு வருகிறது, கொண்டுவந்தவர் யாரென்று அறிவிக்கப்படுவதில்லை. தொலைபேசியில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் அஜக்ஸ் நூலகத்தில் ஒரு மூலையில் ஒளித்திருந்து எழுதுகிறேன். இதற்கெல்லாம் மூலகாரணம், கோபிக்க வேண்டாம், நீங்கள்.

எங்கள் குசினிச் சுவரில் 2004ஆம் ஆண்டுக் கலண்டர் தொங்குவது உங்களுக்குத் தெரியும். பல் வைத்தியரின் கிளினிக்கில் துப்புரவு வேலை செய்த காலத்தில் அவள் கொண்டுவந்தது. அதில் ஓகஸ்ட் மாதப் படம் தெற்குப் பிரான்சிலுள்ள கார்கசோன் கோட்டை. இரட்டை மதில், ஐம்பத்திரண்டு கோபுரம். அந்தத் தாளை அவள் திருப்பவே இல்லை, இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓகஸ்ட் மாதம்தான். "உந்த மதிலிலை ஒருக்கா நடக்கவேணும்" என்பாள். பென்சன் எடுத்ததும் கூட்டிப்போவேன் என்று வாக்குக் கொடுத்தேன். எடுத்தேன், ரிக்கெற் போட்டேன், கோட்டை தெரிகிற ஹோட்டலில் அறையும் பதிந்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். உங்களுக்குச் சொன்னேன்.

"கார்கசோனிலை எங்கடை ஊர் லெஸ்லி இருக்கிறான், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போங்கோ" என்றீர்கள். எட்டிப் பார்ப்பதாம்! மச்சான், எங்கடை ஆக்களின் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பியவர் யாராவது உண்டா? துலூஸ் விமான நிலையத்திலேயே லெஸ்லி நின்றார். "நாங்கள் இருக்க ஹோட்டலோ? என்ன கதை உது?" என்று சூட்கேஸைப் பறித்துத் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றினார். ஹோட்டல் அறையையும் அவரே போன் பண்ணி நிறுத்தினார், அதுவும் பிரெஞ்சில், எனக்கு மறுக்கவும் வழியில்லை. முதல்நாள் கோட்டைக்கு வெளிக்கிட்டு நின்றோம். "வெறும் வயித்தோடையே?" என்று அவருடைய மனைவி அன்ரனெற் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்தார். சாப்பிட்டுவிட்டு நானும் லெஸ்லியும் கொஞ்சம் சரிந்தோம், எழும்பினால் ஐந்தரை. இரண்டாம் நாள் கசுலே என்று அந்த ஊர்ச் சாப்பாடு, அவரைக்கொட்டையும் வாத்தும், அதற்குள் அன்ரனெற் எங்கடை கறித்தூளைப் போட்டு வாயில் வைக்கும்படி ஆக்கியிருந்தார். திரும்பவும் சரிந்தோம். கண்விழித்துப் பார்த்தால் பெண்கள் இரண்டுபேரும் சப்பாத்தோடு மூச்சிளைக்க முற்றத்தில் நிற்கிறார்கள். பாவம், குசினி வேலைக் களைப்பு.

மூன்றாம் நாள் மிடி வாய்க்கால். அரை நிமிஷம் பார்த்தோம், பிறகு கரையில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம், நானும் லெஸ்லியும் அந்தப் பாயிலேயே சரிந்தோம். நாலாம் நாள், "இவ்வளவு தூரம் வந்து லூர்து மாதாவைப் பாக்காமல் போறதோ?" என்று மூன்று மணித்தியால ஓட்டம். நாங்கள் சைவம் என்று சொல்லிப் பார்த்தேன். "மாதா உதெல்லாம் பாக்கிறேல்லை, ஏறுங்கோ" என்றார் லெஸ்லி. அங்கே போனால் மெழுகுதிரியோடு நிற்பவர்களில் எத்தனையோ பேர் எங்கடை சைவ ஆக்கள், அதில் ஒருவர் என்னோடு படித்தவர். ஐந்தாம் நாள் ஒருமாதிரிக் கோட்டை வாசல்வரை போய்விட்டோம். வானால் இறங்க முதல் லெஸ்லியின் போன் அடித்தது. லூர்தில் கண்டவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறாராம், சோறு ஆறுதாம். வந்தவர்களை இருத்திவிட்டுக் கோட்டை பார்ப்பது மரியாதையா? திரும்பினோம். ஆறாம் நாள் விமானம். கோட்டையை நான் கண்டதெல்லாம் வான் கண்ணாடியால்தான்.

அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை, மச்சான். ஏசினால் தாங்கலாம். இருபது வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த படத்தை நான் ஐந்து நேரச் சாப்பாட்டுக்கு விற்றுவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நீங்கள் மூத்தவர், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். அடுத்த வருஷம் கட்டாயம் கூட்டிப்போவேன், லெஸ்லிக்கு மூச்சும் விடமாட்டேன் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. லெஸ்லிக்கு ஒன்றுமில்லை. அன்ரனெற்றுக்கு, அந்த ஆட்டிறைச்சிக் கறிக்காக மட்டும், நன்றி.

இங்ஙனம்,
வாய்பேச ஆளில்லாத
தில்லையம்பலம்

பி.கு.: அண்ணை, இது பாலேஸ். இவற்ர களிசானைத் தோய்க்கப் போடேக்கை பொக்கற்றுக்குள்ளை இந்தக் கடிதம் கிடந்தது, நானே முத்திரை ஒட்டி அனுப்பிறன். நான் கோட்டையைப் பாத்தனான். ஒருக்கா இல்லை, மூண்டு தரம். இவையள் ரெண்டுபேரும் திண்டிட்டுக் குறட்டை விடேக்கை நானும் அன்ரனெற்றும் நடந்து போட்டு வருவம், இருபது நிமிஷம்தான். மதில் முழுக்க நடந்தம், ஐஸ்கிறீமும் குடிச்சம். சோத்தைக் கூடப் போடச் சொன்னதும் நான்தான், நல்லா நித்திரை வரட்டும் எண்டு. எனக்குக் கோபம் என்னெண்டால், "மத்தியானத்திலை நீ எங்கையப்பா போனனி?" எண்டு இந்த மனிசன் இன்னும் ஒருக்காலும் கேக்கேல்லை. கேட்டால் படம் காட்டலாம் எண்டு போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருக்கிறன். நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ. வந்த அண்டைக்கே கலண்டரைச் செப்ரெம்பருக்குத் திருப்பிப்போட்டன். அதுக்கு முன்னாலை இருந்துதான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிக்கிறார்.