பெஞ்சுக்கும் சர்க்கரை

காந்தக்கை மாஸ்டரிடம் டோக்கன் காலை ஆறு மணிக்கே தீர்ந்துவிடும். படித்தவர்கள் ஐந்தரைக்கே வந்துவிடுவார்கள். படிப்பு வீண்போகுமா என்ன?

வைத்தியம் ரொம்ப எளிது. மாஸ்டர் தன் கறுப்பு எண்ணெயை வயிற்றில் தடவுவார். மேலே உள்ளங்கையை அசைப்பார். எண்ணெய் முள்முள்ளாக எழுந்து நிற்கும்.

"பாத்தீங்களா, நோய் எழுந்திரிச்சிருச்சு! ரத்தத்துல இரும்பு இருக்கு. என் கை காந்தம். இழுக்குது!"

துணியால் ஒரு துடைப்பு. நோய் குப்பைக்கூடையில்.

மோட்டார் வைண்டிங் கடைக்காரி அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்தது கணவனுக்காக. அவன் இன்சுலின் ஊசியை நிறுத்தி நாலு நாளாகிறது. காலில் புண் வேறு.

"ஊசியையாவது போட்டுக்கோங்களேன்."

"ஊசி போட்டா காந்தம் பிடிக்காதாம். சும்மா இரு, மானத்தை வாங்காத."

அவன் வயிற்றிலும் முள் எழுந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அவள் பட்டறைத் தரையில் காந்தத்தை ஓட்டினால் இரும்புத்தூள் தினமும் இப்படித்தான் நிற்கும். அதற்கு அவள் டோக்கன் கொடுத்ததில்லை.

மாஸ்டரின் கிண்ணத்திலிருந்த கறுப்பு எண்ணெயை மரப்பெஞ்சில் கொஞ்சம் ஊற்றினாள். மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து அதன்மேல் நீட்டினாள். பெஞ்சிலும் முள் எழுந்தது.

"ஐயையோ, பெஞ்சுக்கும் சர்க்கரையா!" என்றாள்.

"நோயாளிங்க உக்காந்த பெஞ்சு. ஒட்டியிருக்கும்," என்றார் மாஸ்டர். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. கொடுமைதான்.

அவள் கணவனின் வயிற்றைத் துடைத்து, வீட்டுக்கு வாங்கிப் பையில் வைத்திருந்த சமையல் எண்ணெயைத் தடவினாள். "இப்ப இழுங்க மாஸ்டர். ரத்தம் அதே ரத்தம்தானே?"

மாஸ்டர் கையை ஆட்டினார். சுற்றினார். எண்ணெய் வழிந்ததே தவிர, ஒரு முள் எழவில்லை.

"ரத்தத்துல இருக்கிற இரும்பு காந்தத்துல ஒட்டாதுங்க. எழுந்து நின்னது உங்க எண்ணெயில கலந்த இரும்புத்தூள். ஒட்டும்னா, தினமும் காந்தத்தோட வேலை பாக்கிற நான் இந்நேரம் மோட்டாரோட ஒட்டிக்கிட்டுல்ல கிடக்கணும்?" என்றவள், அவர் உள்ளங்கையில் தோல்நிறத்தில் இருந்த பிளாஸ்திரியை உரித்தாள். உள்ளேயிருந்த வட்டக் காந்தம் துள்ளிப்போய் இரும்பு நாற்காலியில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. மாஸ்டரின் தெய்வீக சக்தி மொத்தமும் இப்போது நாற்காலியிடம் இருந்தது.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். "ஊசி வீட்டுல இருக்கா?" என்றான் தரையைப் பார்த்து. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் ஒரு பெரியவர் முழங்காலை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்தார். "அம்மா, உங்க கை ராசியான கை. இதைக் கொஞ்சம் பாருங்களேன்." அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை கட்டியாயிற்று.

"காந்தம் வேணும்னா என் கடைக்கு வாங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூளை உங்ககிட்டயே இருக்கு. அதுக்கு டோக்கன் வேண்டாம், எடுத்து உபயோகப்படுத்துங்க."