மூக்கு மேஸ்திரியும் நாலு வாசனையும்

விருத்தாசலத்தில் எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது, அந்த வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்கு மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒருநாள் காலை ரவா உப்புமாவா, சேமியா உப்புமாவா என்று முடிவெடுக்காமல் வெறும் கடுகைத் தாளித்துக்கொண்டு நின்றேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ரவையே போடுங்க டீச்சர். சேமியாவுல வண்டு வாடை அடிக்குது."

டப்பாவைத் திறந்து பார்த்தேன். வண்டு இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குத் தோசை சுட்டேன்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பீங்கான் கம்பெனி ஒன்றில் ஃபியூஸ் கட்டை சுடுகிற பிரிவில் மேஸ்திரி. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றில் அவரும் மனைவி தனம் அக்காவும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கொரோனா ஓய்ந்த மறுவருஷம் இன்னொரு வீட்டுக்கு நானும் என் கணவரும் குடிவந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஓய்வு நேரத்தில் இந்தப் பத்திரிகைக்கு இப்படி ஏதாவது எழுதுகிறவள்.

மேஸ்திரி அத்தர் பூசிக்கொள்வதில் ஒரு அளவு கிடையாது. காலை ஷிப்டுக்கு மரிக்கொழுந்து, மதிய ஷிப்டுக்கு ஜவ்வாது, கோயிலுக்குச் சந்தனம். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் அவர் பின்பக்கமாக ஏறினால், முன்னால் நிற்கும் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே "மேஸ்திரிக்கு ஒரு சீட்டு விடுங்கப்பா" என்பார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்த கதையெல்லாம் உண்டு.

என் பத்திரிகையையும் வாராவாரம் வாங்கிக்கொண்டு போவார். படிக்க மாட்டார். நடுப்பக்கத்தைப் பிரித்து மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இந்த வாரம் மை சரியா காயலிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியவளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் அவர்கள் சமையலறையிலிருந்து வரும் வர்ணனையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கிரிக்கெட் மேட்ச்சுக்குக் கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். "கடுகு வெடிச்சிடுச்சு. வெந்தயம் செவக்குது... செவக்குது... போதும். வெங்காயம் இன்னும் பச்ச மண்ணாத்தான் கெடக்குது, வதக்கு. ஆங், இப்ப வருது பாரு, இப்ப வருது! எறக்கு, எறக்கு!" நடுவில் தனம் அக்காவின் குரல் "ம்" என்று மட்டும் கேட்கும். பெண்டாட்டியை நிம்மதியாக ஒரு ரசம் வைக்க விடாத மனிதர் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் ஃபியூஸ் கட்டை விவகாரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போய்விட்டது. பார்த்தால் ஃபியூஸ் கட்டை இரண்டாக உடைந்திருக்கிறது. என் கணவர் ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவர், எதையாவது கழற்றி எதிலாவது மாட்டாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். மேஸ்திரி வீட்டு வாசல் கம்பியில் புதுக் கட்டைகள் நாலு தொங்கின. அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். "மேஸ்திரிதானே, சொல்லிக்கலாம்" என்று ஒன்றை எடுத்துவந்து, உடைந்த கட்டையிலிருந்த பித்தளைத் தகடுகளைக் கழற்றி அதில் மாட்டிவிட்டார்.

கரண்ட் வந்தது. கூடவே வெட்டிவேர் வாசனையும் வந்தது. மிக்ஸி போட்டால் லேசாக வந்தது. அயர்ன் பாக்ஸ் போட்டால் வீடே வெட்டிவேர்த் தட்டி கட்டியது போல மணத்தது. ஆகா, என்ன பாக்கியம் என்று நாங்கள் இருவரும் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் படபடவென்று பொறி பறந்து கட்டை கருகிப்போயிற்று.

மேஸ்திரி ஓடிவந்தார். தீப்பிடித்திருந்தால் என்ன ஆவது என்று திட்டப்போகிறார் என நினைத்தேன். கருகிய கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அழுகிற குரலில், "பளபளன்னு மேல கிளேஸ் மெருகு பூசாத கட்டைங்க இது, எண்ணெயக் குடிக்கும்னு நானே எடுத்து ஊற வெச்சது. சாயங்காலத்துக்கு அவளுக்கு நான் என்னாத்தக் காட்டுவேன்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கட்டைக்கா இவ்வளவு என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் துணி துவைக்கிற இடத்தில் தனம் அக்காவிடம் கேட்டே விட்டேன். "எப்படிக்கா இந்த மனுஷனோட காலம் தள்றீங்க? அடுப்புகிட்டகூட உங்கள நிம்மதியா விட மாட்டேங்கறாரே."

அக்கா சோப்பைக் கீழே வைத்தார்.

"எனக்கு மோப்பமே இல்லைங்க டீச்சர். கொரோனா வந்துட்டுப் போச்சு இல்ல, அதோட போச்சு. ஒருநாளு காஸ் தெறந்தே கெடந்துருக்குது, எனக்குத் தெரியல. அவரு வந்து மூடுனாரு. அன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே அடுப்பாண்ட போவ மாட்டேன், தீவாளி பொங்கல் எதுவும் எனக்கு வாணாம்னு. அதுக்கு அவரு, ஒரு வூட்டுக்கு ஒரு மூக்கு இருந்தா போதும், நான் மோந்து சொல்றேன், நீ செய்யின்னாரு."

அப்புறம் அக்கா சொல்லச் சொல்ல எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் மூக்கு என்றால் முதலில் அக்காதானாம். மல்லியா முல்லையா என்று தெருமுனையில் பூக்காரி வரும்போதே சொல்லக்கூடியவர். மேஸ்திரிக்கு அந்த நாளில் மூக்கு என்பது கண்ணாடி நிற்பதற்கு மட்டும்தான். மனைவிக்காக ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். தெருவெல்லாம் நின்று மோப்பம் பிடித்தது, வீட்டுக்குப் போய் "நாலாவது வூட்டுல கேசரி, முந்திரிய கருக்கிட்டாங்க" என்று அக்காவிடம் சொல்வதற்கு. அத்தர் அளவில்லாமல் பூசியது, தன்மேல் வியர்வை நாறினால் அதைச் சொல்ல அவளால் முடியாதே என்ற பயத்தில்.

அந்த நாலு கட்டைகள்? யாரோ ஒரு டாக்டர், காலையும் சாயங்காலமும் நாலு வாசனையை விடாமல் முகர்ந்துவந்தால் ஒருவேளை திரும்பலாம் என்றிருக்கிறார். கிராம்பு, வெட்டிவேர், ரோஜா, எலுமிச்சை. அதில் ஒன்றைத்தான் நாங்கள் ஃபியூஸ் பெட்டியில் எரித்திருக்கிறோம். அன்று சாயங்காலமே என் கணவரைக் கடைக்கு விரட்டி வெட்டிவேர் எண்ணெய் வாங்கிவரச் சொன்னேன். மேஸ்திரி கம்பெனியிலிருந்து இன்னொரு கட்டை கொண்டுவந்து அதில் ஊற வைத்தார்.

கொரோனாவுக்கு அப்புறம் மூன்றாவது பொங்கல் அது. தெருவே வாசலில் அடுப்பு மூட்டியிருக்கிறது. மேஸ்திரிக்கு ஜலதோஷம். தைலம் தடவி, ஆவி பிடித்து, தும்மித் தும்மிப் பார்த்தும் மூக்கு திறக்கவில்லை. "வருஷத்துல எந்த நாளும் வராம இன்னிக்குத்தானா வரணும்?" என்று தன் மூக்கைத் தானே அறையாத குறை. பானைப் பக்கம் குனிவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாகத் தவித்தார். நான் என் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது தனம் அக்கா தலையை நிமிர்த்தி, "ஏங்க, அடி புடிக்குது" என்றார்.

மேஸ்திரி அப்படியே நின்றார். "எப்பிடிச் சொல்ற?"

"வாசம் வந்துது."

அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்த கூத்தை என்னவென்று சொல்வேன். அரையும்குறையுமாகக் கருகிய பொங்கலை வாழையிலையில் அள்ளிக்கொண்டு வீடு வீடாக ஓடினார். "சாப்புடுங்க, கருகியிருக்குது! நல்லா மோந்து பாருங்க, கருகியிருக்குது!" காரணம் தெரிந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றார்கள். தெரியாதவர்கள் அவருக்கு முற்றிவிட்டது என்று பயந்து தின்றார்கள். அவ்வளவு கேவலமான பொங்கலை நான் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் துவைக்கிற இடத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக்கா வந்துச்சு?" என்றேன்.

அக்கா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "வரலைங்க டீச்சர். கரண்டி அடியில ஒட்டுச்சு. கைக்குத் தெரிஞ்சுது."

"பின்ன ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"காலைல சாயங்காலம் நாலு கட்டையத் தூக்கிக்கிட்டு வந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. தெரியலன்னு நான் தலைய ஆட்டறப்பல்லாம் அந்த மொகம் தொங்கிடுதுங்க. அத எத்தன நாளைக்குத்தான் நான் பாக்கறது?"

"அப்போ இனிமே கட்டையக் காட்டினா?"

அக்கா சிரித்துவிட்டார். "கிராம்பு, வெட்டிவேரு, ரோஜா, எலுமிச்ச. வரிசைய மாத்தணும்னு அந்த மனுஷனுக்குத் தோணவே தோணாது. நீங்க சொல்லிக் கில்லிக் குடுத்துடாதீங்க."

அதிலிருந்து பத்து நாள் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் ஒரு திருவிழா. "கிராம்பு!" என்பார் அக்கா. "ஆமா!" என்று மேஸ்திரி கத்துவார். நாலும் முடிந்ததும் கைதட்டுவார். கேட்டுக்கொண்டே நான் பாத்திரம் தேய்ப்பேன். சிரிப்பு வரும், தேய்த்ததையே மறுபடி தேய்த்துக்கொண்டு நிற்பேன்.

பதினோராம் நாள் மத்தியானம் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்.

அதோடு அந்த வீட்டில் பேச்சுமூச்சு இல்லை. மேஸ்திரி வேலைக்குப் போனார், வந்தார். அத்தர் இல்லாமல் பஸ் ஏறியதால் கண்டக்டர் அவரைக் கவனிக்காமலே விசில் கொடுத்துவிட்டாராம். என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பருப்பு தீய்ந்தது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பத்திரிகை கேட்டும் வரவில்லை. அந்தக் குரலை நிறுத்த வேண்டும் என்று ஒரு காலத்தில் நான் நினைத்தேன் என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது.

தீபாவளி வந்தது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டார்தான் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் நாள் மத்தியானம் அதிரசத்துக்கு எண்ணெய் வைத்தேன். எனக்கு எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்று நன்றாகவே தெரியும். இருந்தாலும் சுவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"மேஸ்திரி, எண்ணெ காஞ்சிடுச்சாங்க?"

 மறுபடி கேட்டேன். முதல் அதிரசத்தைப் போட்டேன். அது சிவந்து, சிவப்பையும் தாண்டியது. எடுக்காமல் நின்றேன்.

"எறக்குங்க டீச்சர்" என்று மெதுவாக வந்தது குரல். "ரெண்டாவது ஈட்டுக்குத் தீயக் கொறச்சுக்கங்க. ஏலக்கா பத்தாது." ஏலக்காய் நிறையவே போட்டிருந்தேன். வாயைத் திறக்காமல் இன்னொரு சிட்டிகை போட்டேன்.

தட்டோடு போனபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த நாலு கட்டைகள், அதே வரிசையில். அதிரசத்தை எடுத்து வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஒன்னும் இல்லாம கெடந்தவ டீச்சர். கடைசி பத்து நாளு நாலுக்கு நாலு சொன்னா. ஒருவாட்டிகூடத் தப்பல. எல்லா வாசனையும் பாத்துட்டுத்தான் போயிருக்கா. அது போதுங்க எனக்கு."

"ஆமாங்க மேஸ்திரி" என்றேன். "அக்கா என்கிட்டயும் சொன்னாங்க. வெட்டிவேருதான் ரொம்ப நல்லா வருதுன்னு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இதற்காகத்தான் அக்கா பத்து நாள் பொய் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

மேஸ்திரி இப்போது மறுபடி பத்திரிகை வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறார். இந்த இதழையும் கேட்டு வருவார். நடுப்பக்கத்தைப் பிரிப்பார், ஒரு இழுப்பு இழுப்பார், மையைக் குறை சொல்வார், கொடுத்துவிடுவார். நான் எழுதியதை ஒருவர் படித்துவிடக் கூடாதே என்று எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரிடம் வேண்டிக்கொண்டு அனுப்புவது இதுதான் முதல் தடவை.