கஞ்சி ஆறும்வரை பேசுகிறவர்

பசியைப் பற்றிப் பேசியே பசியாறுகிற ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லையா? குடியாத்தத்தில் ஒருவர், வாணியம்பாடியில் ஒருவர், வேலூரில் தெருவுக்கு ஒருவர். ஆம்பூரில் எங்கள் பங்குக்கு நந்தகோபால் சார்.

கண்டுபிடிப்பது சுலபம். மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, தன் காசில் தானே வாங்கிவந்த கதம்ப மாலை, 'பட்டினி என்பது யாது?' என்று தொடங்கி, ஆப்பிரிக்கா போய், பாலாறு வற்றிய சோகத்துக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்து, ஒரு சோடா குடித்து, மறுபடியும் 'பட்டினி என்பது யாது?' என்றே வந்து நிற்கும் ஒரு பேச்சு. பட்டினி என்பது யாது? அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருப்பது!

எண்பதுகளில் ஒரு கோடை. தண்ணீர் இல்லாமல் எங்கள் பக்கத்துத் தோல் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. எங்கள் தெரு அக்தரி பேகம், அரிசி அளக்கிற படியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டு, நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற தன் பெரிய தேக்சாவைக் கம்பெனி வாசலில் ஏற்றிவிட்டார். சார் கொண்டுவந்தது ஒரு பேனரும் ஒரு மைக்கும். வேலூரிலிருந்து போட்டோக்காரர் வரவேண்டும். வரவில்லை. ஆகவே, கஞ்சிக்கு மூடி, சாருக்கு மைக்.

வேலை போன தனகோடி, இடுப்பில் குழந்தையும் கையில் தூக்குச்சட்டியுமாக முன்னே வந்தாள்.

"சார், புள்ள காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல. ஒரு கரண்டி ஊத்தச் சொல்லு சார்."

"பேஜார் பண்ணாதம்மா. உனக்காகத்தானே பேசறேன்!"

"பேச்ச இன்னா சார், தூக்குல புடிச்சிக்கறதா?"

கூட்டம் சிரித்தது. குழந்தை அழுது அழுது ஓய்ந்துபோனது. அமைதி காத்ததற்குச் சார் மைக்கில் நன்றி சொன்னார்.

அதற்குமேல் அக்தரி பேகத்துக்குத் தாங்கவில்லை. மூடியைத் தூக்கி எறிந்தார். "வாம்மா, எல்லாரும் வாங்க! போட்டோ வேணும்னா பட்டினி கெடக்கட்டும்!"

ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது. தேக்சா காலியானதும் போட்டோக்காரர் வந்து சேர்ந்தார். வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். நம் சாரா? கம்பெனியில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். தேக்சாவில் ஊற்றினால் அசல் கஞ்சி! விஷயம் தெரியாத தனகோடியைக் கூப்பிட்டு நிறுத்தி, குழந்தையின் வாயருகே கரண்டியை நீட்டினார்.

"சும்மா ஊட்டற மாதிரிம்மா. கேமராவப் பாரு."

அங்கே நடிக்கத் தெரியாத ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். நிஜமாகவே வாயைத் திறந்தது.

"ஏ தனகோடி, அது சுண்ணாம்புடீ!" என்று அலறினார் அக்தரி பேகம். தனகோடி கரண்டியைத் தட்டிவிட்ட வேகத்தில் மொத்தமும் வெள்ளைச் சட்டை மேல். பளிச்சென்று போட்டோ. 'கஞ்சி வார்க்கையில் உணர்ச்சிவசப்பட்ட தொண்டர்' என்று அடியில் எழுதி, அதைச் சார் கூடத்தில் மாட்டியிருக்கிறார். சட்டையில் இருப்பது கண்ணீராம்!

மறுநாள் அக்தரி பேகம் தேக்சாவைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடியும் படியை எடுத்துக்கொண்டு அரிசிக்குக் கிளம்பினார். கூட்டத்தில் பலமாகக் கைதட்டிய பல வீடுகளில் கதவு திறக்கவில்லை.

படித்ததும் உங்களுக்கு நெஞ்சு உருகுகிறதா? எழுதும்போது எனக்கும் உருகியது. அதுதான் பயமாக இருக்கிறது. நந்தகோபால் சாருக்கும் முதலில் இப்படித்தான் உருகியிருக்கும். அதோ, உங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். கையில் படி இருக்கும். போய்த் திறங்கள்; கண்ணை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.